சளித்தலை மீனின் இன்னொரு பெயர்
ஹெலன் ஸ்கேல்ஸின் ‘தி பிரில்லியன்ட் அபிஸ்’ நூலை முன்வைத்து

ஆங்கிலத்தில் ‘ஸ்லைம்ஹெட்’ என்று ஒரு மீன் குடும்பம் இருக்கிறது. தமிழில் சளித்தலை என்று வைத்துக்கொள்ளலாம். தலையில் சளி சுரக்கும் குழிகள் ஓடுவதால் வந்த பெயர். உணவகப் பட்டியலில் இந்தப் பெயரைப் போட்டால் யார் சாப்பிடுவார்கள்? 1970களின் கடைசியில் நியூசிலாந்தை ஒட்டிய ஆழத்தில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மீன் பெரும் கூட்டமாக வலையில் விழத் தொடங்கியது. உடனே அதற்கு வேறு பெயர் தேவைப்பட்டது. ‘ஆரஞ்சு ரஃபி’ என்று வைத்தார்கள். அவ்வளவுதான். பெயர் மாறிய மீன் அமெரிக்கச் சாப்பாட்டு மேசைகளுக்குப் போய்விட்டது.

இந்த மீன் குஞ்சு பொரிக்கும் வயதுக்கு வரவே இருபது முப்பது வருடங்கள் ஆகும். இருநூறு வருடங்களுக்கு மேல் வாழக்கூடியது. கடலடி மலைகளைச் சுற்றி இனப்பெருக்கத்துக்காகக் கூடும் பழக்கம் அதற்கு இருந்ததால், இழுவலையைச் சரியான இடத்தில் இறக்கினால் சில நிமிடங்களில் பல டன் மேலே வந்துவிடும். 1980களில் ஒருவர் எலுமிச்சை பிழிந்து சாப்பிட்ட மீன் துண்டு, அவருடைய பாட்டனாருக்கு முன்பே பிறந்திருக்கலாம். வயதைச் சரியாகக் கணிக்க ஆய்வாளர்கள் கற்றுக்கொள்வதற்குள் பல இடங்களில் கூட்டம் கரைந்துவிட்டது. வலை இழுத்த வழியில் நூற்றாண்டுகளாக வளர்ந்த பவளங்களும் நொறுங்கிப் போயின.

ஹெலன் ஸ்கேல்ஸின் ‘தி பிரில்லியன்ட் அபிஸ்’ (2021) நூலில் எனக்கு மிகப் பிடித்தது இந்த மீனின் கதைதான். காரணம் தகவல் இல்லை. தகவலுக்கு விக்கிப்பீடியா போதும். ஓர் உயிரைக் கொல்வதற்கு முதலில் செய்யப்பட்ட வேலை மொழியில் நடந்தது என்பதை இந்தக் கதை காட்டிவிடுகிறது. இலக்கியம் வாசிக்கிற நமக்கு அது சும்மா கடந்துபோகிற விஷயமல்ல.

ஸ்கேல்ஸ் பிரிட்டனைச் சேர்ந்த கடல் உயிரியலாளர். கடற்குதிரை, சிப்பி, மீன் என்று ஒவ்வொன்றுக்கும் முன்பே ஒரு நூல் எழுதியவர். இந்த நூலுக்கு இரண்டு துணைத்தலைப்புகள் உண்டு. பிரிட்டிஷ் பதிப்பில் கடலடியை விற்பது பற்றிய சொல் வெளிப்படையாகவே வருகிறது. அமெரிக்கப் பதிப்பில் அது ‘அச்சுறுத்தல்’ என்று மென்மையாகிவிட்டது. விற்பவர் யார் என்ற கேள்வியைக் கிளப்பும் சொல் ஒரு பக்கம். யாருமே இல்லாமல் எங்கிருந்தோ வருகிற ஆபத்து மறுபக்கம். பதிப்பாளரின் சந்தைக் கணக்காக இருக்கலாம். சளித்தலைக்கு நடந்ததும் சந்தைக் கணக்குதான்.

நூலுக்கு நான்கு பகுதிகள்: ஆராய்வது, சார்ந்திருப்பது, சுரண்டுவது, காப்பது. முதல் பகுதிதான் நூலின் உயிர். அங்கே ஸ்கேல்ஸ் நிதானமாக இருக்கிறார். மெக்சிகோ வளைகுடாவில் ஆய்வுக் கப்பலின் தளத்தில் நின்றபடி தொடங்கி, மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறார். இருநூறு மீட்டர் தாண்டியதும் ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான வெளிச்சம் தீர்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே சாப்பாடு என்பது பெரும்பாலும் மேலிருந்து விழுவதுதான்: செத்த நுண்ணுயிர்கள், கழிவு, சளி எல்லாம் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் மெல்ல இறங்கும் துகள்கள். இதற்குக் ‘கடல்பனி’ என்று பெயர். பனியே பார்க்காத நம் ஊர்க்காரர்களுக்கு இந்த உவமை கொஞ்சம் தூரம்தான். ஒரு திமிங்கிலம் செத்து விழுவது அந்த ஊருக்குப் பல வருடச் சந்தை திறப்பது மாதிரி. சுறாக்கள் வரும், நண்டுகள் வரும், கடைசியில் எலும்பைத் தின்னும் புழு வரும்.

அந்தப் புழு ‘ஓசெடாக்ஸ்’. 2002இல் கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில், ஏறத்தாழ 2,900 மீட்டர் ஆழத்தில் கிடந்த திமிங்கில எலும்பில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. செடியைப் போல எலும்புக்குள் வேர் விட்டு, அந்த வேருக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவின் துணையோடு உண்கிறது. முதலில் கிடைத்தவை எல்லாம் பெண் புழுக்கள். ஆண் எங்கே என்று தேடியபோது, பெண்ணின் குழாய்க்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத அளவில் டஜன் கணக்கில் ஆண்கள் இருந்தார்கள். இதை எழுதும்போது ஸ்கேல்ஸுக்கு அலங்காரம் தேவைப்படவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறார்; வியப்பு தானாக வந்துவிடுகிறது. நல்ல சிறுகதைக்காரர்களுக்குத் தெரிந்த வித்தை இது.

வெந்நீர் ஊற்றுகளின் கண்டுபிடிப்பும் அப்படித்தான். 1977இல் காலாபாகோஸ் தீவுகளுக்கு அருகே ‘ஆல்வின்’ என்ற நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் புவியியலாளர்கள். ஊற்றைத் தேடிப் போனார்கள். சுற்றிலும் சிப்பிகளும் குழாய்ப்புழுக்களும் நிறைந்த ஒரு தோட்டமே இருந்தது. சூரியனை நம்பாமல், பூமியின் வயிற்றிலிருந்து வரும் வேதிப்பொருளை நம்பி வாழும் உயிர்கள். கப்பலில் உயிரியலாளர் ஒருவரும் இல்லை. பிடித்த உயிர்களைப் பதப்படுத்த முறையான திரவம் போதவில்லை என்பதால் கையிலிருந்த வோட்காவில் போட்டு வைத்தார்கள். உயிரியல் பாடநூலையே மாற்றிய மாதிரிகள் சாராயத்தில் ஊறிக் கரைக்கு வந்தன!

யாரும் பார்க்காததை எப்படி எழுதுவது? இந்த இடத்தில் ஸ்கேல்ஸை அவருடைய முன்னோடி ஒருவரின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1934 ஆகஸ்ட் 15 அன்று வில்லியம் பீபியும் ஓடிஸ் பார்ட்டனும் பெர்முடா அருகே ஓர் இரும்பு உருண்டைக்குள் சுருண்டு உட்கார்ந்து 923 மீட்டர் இறங்கினார்கள். ‘பாத்திஸ்பியர்’ என்று அதற்குப் பெயர். உருண்டையைக் கப்பலோடு இணைத்தது ஒரு கம்பிவடமும் ஒரு தொலைபேசிக் கம்பியும். பீபி சிறிய சன்னல் வழியே பார்த்ததைச் சொல்லச் சொல்ல, மேலே குளோரியா ஹாலிஸ்டர் எழுதிக்கொண்டார். பிறகு எல்ஸ் போஸ்டல்மன் அந்தச் சொற்களை ஓவியமாக்கினார். பார்த்தவர் வரையவில்லை. வரைந்தவர் பார்க்கவில்லை. நடுவில் இருந்தது மொழி மட்டும்.

அதே ஆண்டு வெளிவந்த பீபியின் ‘ஹாஃப் மைல் டவுன்’ நூலை இன்றைக்கு வாசித்தால் அவருடைய தவிப்பு தெரியும். நிறத்துக்குச் சொல் தேடுகிறார், கிடைக்காமல் எரிச்சல்படுகிறார், மறுபடி தேடுகிறார். மாதிரி எதுவும் கையில் இல்லாமல், சன்னலில் பார்த்ததை மட்டும் வைத்துச் சில மீன்களுக்கு அறிவியல் பெயரும் சூட்டினார். மீனியலாளர்கள் நம்பவில்லை. கண்ணாடியில் படிந்த அவருடைய சொந்த மூச்சின் ஆவி செய்த மாயம் என்றுகூட ஒருவர் எழுதினார். அந்த மீன்களை இன்றுவரை வேறு யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. அவர் பொய் சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. மனிதர் கண்ணால் பார்த்த ஆழ்கடல் தரை, மொத்தத்தில் 0.001 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2025இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த அளவில் ‘இல்லை’ என்று அடித்துச் சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

பீபியிடம் இருக்கும் இந்தத் தவிப்பு ஸ்கேல்ஸிடம் குறைவு. அவர் காலத்தில் கேமரா இருக்கிறது, தானியங்கிக் கலங்கள் இருக்கின்றன, எல்லாம் படமாக இருக்கிறது. அதனால் அவருடைய வாக்கியங்கள் தெளிவானவை. சில இடங்களில் தெளிவே குறையாகிவிடுகிறது. ஆழம் ஒரு நல்ல அருங்காட்சியகம்போல வெளிச்சம் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. இருட்டு எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. இது சின்னக் குறை.

பெரிய குறை இரண்டாம் பகுதியில். ஆழ்கடலை நாம் ஏன் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு, அது நமக்கு என்ன தருகிறது என்று பட்டியல் போடத் தொடங்குகிறார். வெப்பத்தை உள்வாங்குகிறது, கரிமத்தைப் புதைக்கிறது, கடற்பஞ்சுகளில் புதிய மருந்துகள் கிடைக்கலாம். ஒன்றும் தவறில்லை, எல்லாம் உண்மை. ஆனால் சுரங்கக் கம்பெனிக்காரரும் இதே மொழியில்தான் பேசுகிறார்: மின்சாரக் காருக்கு மின்கலம் வேண்டும், மின்கலத்துக்கு நிக்கலும் கோபால்ட்டும் வேண்டும், அது கடலடியில் கிடக்கிறது, பூமியைக் காப்பாற்றத்தானே எடுக்கிறோம்? பயன் என்ற தராசில் ஏறிவிட்டால் எடை அதிகமானவன் ஜெயிப்பான். வரப்போகும் மருந்தைவிடக் கண்முன் இருக்கும் மின்கலத்துக்கு எடை அதிகம். ஸ்கேல்ஸுக்கு இது தெரியாமலில்லை. கடைசிப் பகுதியில் ஆழத்தை விட்டுவிடுங்கள், மீனும் பிடிக்காதீர்கள், கல்லும் தோண்டாதீர்கள் என்று நேரடியாகவே சொல்கிறார். அந்தத் துணிச்சலை முதலிலிருந்தே வைத்திருந்தால் இரண்டாம் பகுதியின் சமாதானங்கள் தேவைப்பட்டிருக்காது. எலும்புப்புழுவைப் பற்றி எழுதும்போது அதனால் என்ன லாபம் என்று அவரும் கேட்கவில்லை, வாசிக்கிற நாமும் கேட்கவில்லையே.

பெயர் விஷயத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது நம் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது. 2018இல் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் சேர்ந்து ஜாவாவின் தென்கடலில் இரண்டு வாரம் ஆழ்கடல் உயிர்களைச் சேகரித்தார்கள். பன்னிரண்டாயிரம் மாதிரிகளுக்கு மேல் கிடைத்தன. அவற்றில் ஒன்று, கரப்பான்பூச்சியை ஓர் அடிக்கு இழுத்துவிட்டதுபோன்ற பதினான்கு கால் உயிர். பூச்சி இல்லை, இறால், நண்டு வகையறா. கடலடியில் ஊர்ந்து செத்ததைத் தின்று வாழ்வது. 2020இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள்: பாத்தினோமஸ் ரக்சாசா.

ரக்சாசா! நம்முடைய ராட்சசனேதான், மலாய்க் கடலைச் சுற்றிவிட்டு லத்தீன் சட்டை போட்டு வந்திருக்கிறான். இந்தப் பக்கத்துப் பேச்சில் ரக்சாசா என்றால் பெரியது என்றும் பொருள். ஆகவே பெயர் வைத்தவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் தமிழ்க் காதில் அந்தச் சொல் விழும்போது அளவு மட்டும் விழுவதில்லை. கதையும் சேர்ந்து விழுகிறது. கதையில் ராட்சசனுக்கு நடப்பது ஒன்றுதான், வதம். செத்ததைத் தின்று கடலடியைச் சுத்தம் செய்யும் ஒரு பிராணிக்கு இது கொஞ்சம் அநியாயம்.

அதே குடும்பத்தில் இன்னொன்றுக்கு 2025இல் பெயர் வந்தது: பாத்தினோமஸ் வேடெரி. தலை ‘ஸ்டார் வார்ஸ்’ டார்த் வேடரின் முகமூடிபோல இருக்கிறதாம். வியட்நாமின் குயி நோன் நகரில் வாங்கப்பட்ட மாதிரிகளிலிருந்துதான் இது புதிய இனம் என்று தெரிந்தது. ஆமாம், வாங்கப்பட்ட மாதிரிகள். அங்கே கடலுணவுக் கடைகளில் இந்த ‘கடல் பூச்சி’ சில வருடங்களாகவே பிரபலமான விருந்து. அறிவியலில் பெயர் வருவதற்கு முன்பே தட்டில் இடம் கிடைத்துவிட்டது. எத்தனை இருக்கின்றன, எவ்வளவு மெல்ல வளர்கின்றன என்ற கேள்விகளுக்கு முன்பே விலை வந்துவிட்டது. சளித்தலைக் கதையை வாசித்துவிட்டு இந்தச் செய்தியைப் படித்தால் வயிற்றில் என்னமோ செய்யும்.

தமிழில் இந்த ஆழத்துக்கு என்ன இருக்கிறது? யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். ஆழி என்றாலே கடல். ஆனால் நம் எழுத்தில் கடல் பெரும்பாலும் அகலம்தான். நெய்தல் கரையில் நின்று காத்திருக்கிறது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலும் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலும் கடலோர மனிதர்களின் மகத்தான நாவல்கள். அவற்றின் கடல் மரம் மிதக்கும் மேற்பரப்பு. மலாயா, சிங்கை வந்த நமக்கோ கடல் என்பது தாண்ட வேண்டிய ஒன்று. ப.சிங்காரத்தின் நாவல் தலைப்புகளே சாட்சி: ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’. ரஜுலா கப்பலில் வந்த தாத்தாக்களின் கதையில் கப்பலுக்குக் கீழே என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற நிலைமையிலா வந்தார்கள்? நாளிதழ்களில் ‘ஆழ்கடல் மீன்பிடிப்பு’ என்று வரும் சொல்கூடக் கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. பல நாள் பயணம் போய்ப் பிடிக்கிற சூரை மேல்நீரில் திரிகிற மீன். கீழ்நோக்கிப் போன ஒரே சொல் முத்துக்குளித்தல். குளிப்பது என்றால் அங்கே மூழ்குவது. அதுவும் ஒரு மூச்சின் நீளம்தான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஸ்கேல்ஸின் நூலைத் தமிழில் கொண்டுவர யாராவது உட்கார்ந்தால் சந்திக்கப்போகும் பிரச்சினையைச் சொல்கிறேன். ‘அபிஸ்’ என்ற சொல்லுக்கே அகலாழம், படுகுழி, பாதாளம் என்று எதைப் போட்டாலும் புராணம் கூடவே வந்து நிற்கும். வரட்டுமே என்றும் தோன்றுகிறது. பாதாளம் நம் கதைகளில் வெறும் குழியாக இருந்ததில்லை. அங்கே குடியிருப்பவர்கள் உண்டு. ஆளில்லாத வெற்றுநிலம் என்று சொல்லித்தானே எல்லா நிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் பகுதி சுரங்கம் பற்றியது. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே, 4,000 மீட்டருக்கும் கீழே, கிளாரியன் கிளிப்பர்ட்டன் என்ற பரப்பில் உருளைக்கிழங்கு அளவில் கரிய கற்கள் கொட்டிக் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு. ஒரு சுறாப்பல்லையோ சிப்பித் துண்டையோ சுற்றிப் பத்து லட்சம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளர்ந்தவை. அங்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்கினங்கள் இருக்கலாம் என்றும், பத்தில் ஒன்பதுக்கு இன்னும் பெயரே இல்லை என்றும் 2023இல் ஒரு மதிப்பீடு வந்தது. பெரு நாட்டுக்கு அப்பால் கடலடியை 1989இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் சோதனைக்காக உழுது பார்த்தார்கள். 26 வருடம் கழித்துப் போனபோதும் உழுத தடம் அப்படியே இருந்தது. நம் வயலில் உழுத தடம் ஒரு மழைக்குத் தாங்காது.

இந்தப் பகுதியில் ஸ்கேல்ஸின் கோபம் நியாயமானது, ஆதாரத்தோடு வருவது. இந்தியப் பெருங்கடலின் வெந்நீர் ஊற்றுகளில் வாழும், இரும்புச் செதில் போர்த்திய நத்தையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சுரங்க ஆபத்தின் பேரில் முதன்முதலாக அழிவுப் பட்டியலில் ஏறிய உயிர் அது (2019). ஆனால் இந்தக் கோபம் பெரும்பாலும் நிறுவனங்களை நோக்கியே போவதால் வாசகர் பார்வையாளராக உட்கார்ந்துவிட முடிகிறது. இங்கிருந்து வாசிப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. கடல் சட்ட மாநாட்டின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்குத் தலைமை தாங்கி, 1982இல் அதை முடித்துவைத்தவர் சிங்கப்பூரின் டாமி கோ. நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலடி மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 2023 மார்ச்சில் பெருங்கடல் உயிர்களைக் காக்கும் ஒப்பந்தம் நியூயார்க்கில் முடிவானபோது கப்பல் கரை சேர்ந்துவிட்டது என்று அறிவித்த தலைவர் ரெனா லீயும் சிங்கப்பூர்க்காரர். பெருமைப்படலாம், தப்பில்லை. கூடவே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓஷன் மினரல் சிங்கப்பூர் என்ற நிறுவனம், சிங்கப்பூர் அரசின் ஆதரவுப் பொறுப்பில், 2015இல் அதே கிளாரியன் கிளிப்பர்ட்டன் பரப்பில் ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டரைச் சுரங்கத்துக்காக ஆராயும் உரிமை பெற்றது. சிங்கப்பூரைப்போல எண்பது மடங்கு. அந்த அளவுக்குக் கடலடி ஒன்று நம் பெயரில் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சுரங்கத்துக்கு முன்னோட்டமாக நடந்த அந்த ஆய்வுப் பயணங்களில்தான் ஒரு கடற்பஞ்சும் கண்டுபிடிக்கப்பட்டது. 2017இல் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் சேர்ந்து அதற்கு வைத்த பெயர் பிளெனாஸ்டர் கிரெய்கி. பிளெனாஸ்டர் என்றால் நட்சத்திரம் நிறைந்தது. சில மில்லிமீட்டர் அளவு. கரிய கல்லின் மேல் வெள்ளைப் பொட்டுபோல ஒட்டி வாழ்கிறது. சேற்றில் அதற்கு வாழ்க்கை இல்லை, கல் வேண்டும். இதுவரை பார்த்த பெயர்களில் இது ஒன்றுதான் விற்பதற்கும் பயமுறுத்துவதற்கும் வைக்காத பெயர்.

2023 ஒப்பந்தம் 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. ஸ்கேல்ஸின் நூல் அதற்கு முந்தையது என்பதால் கடைசிப் பகுதியை இன்றைக்கு வாசிக்கும்போது நாமே சிலதை இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம் உயிர்களைப் பற்றியது. கனிமம் அதில் வராது. கனிமத்துக்குத் தனி அமைப்பு, ஜமைக்காவின் கிங்ஸ்டனில், 1994இலிருந்து இருக்கிறது. புதிய ஒப்பந்தம் பழைய அமைப்பின் அதிகாரத்தில் குறுக்கிடக்கூடாது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆக, பிளெனாஸ்டர் நியூயார்க்கின் கணக்கில் வருகிறது. அது ஒட்டிக்கொண்டிருக்கும் கல் கிங்ஸ்டனின் கணக்கில் வருகிறது.